பதற்றமான சாவடிக்கு ஒரு பயணம்: ஆம்பூர்ப் பக்கத் தேர்தல் நாட்குறிப்பு

வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகே இதைப் பதிவிடுகிறேன். நான் அமர்ந்திருந்த சாவடியின் எண்ணையோ பள்ளியின் பெயரையோ சொல்லப்போவதில்லை. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையில் ஓர் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்துக்காரனாகிய நான் இரண்டு ஆண்டுகளாக ஆரணியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் மற்ற தொகுதிகளெல்லாம் ஏப்ரல் 18 அன்று வாக்களித்து முடித்துவிட, பணம் பிடிபட்டதால் இரண்டு நாள் முன்னதாக ரத்தான வேலூர்த் தொகுதிக்கு ஆகஸ்ட் 5 தேதி குறிக்கப்பட்டது. எனக்கு நுண் பார்வையாளர் என்ற பணி ஆணை வந்தது.

ஆகஸ்ட் 2, 2019, வெள்ளி: வேலூர்

கண்ணமங்கலம் வழியாக வரும் பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் பயனில்லை, காற்றே கொதித்தது. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை என்று வேலூர்க்காரர்கள் தங்கள் ஊரைத் தாங்களே கேலி செய்துகொள்வார்கள். அந்தப் பட்டியலில் முன்பு சாமியில்லாத கோவிலும் இருந்தது. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோவிலில் லிங்கம் மீண்டும் வைக்கப்பட்ட பிறகு அந்த வரி மட்டும் செல்லாததாகிவிட்டது. கோட்டை அகழியின் ஓரமாக நடந்தேன். ஒரே மதிலுக்குள் கோவிலும் மசூதியும் தேவாலயமும் இருப்பதைச் சுற்றுலாக் குறிப்புகள் பெருமையாகச் சொல்கின்றன. அகழிக் கரையில் சுண்டல் விற்றவர், "மூணும் இருக்குது சார், போலீசும் இருக்குது" என்றார். சுண்டல் பத்து ரூபாய்.

பிற்பகல் பயிற்சியில் 'பதற்றமான வாக்குச்சாவடி' என்ற சொல்லை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. கலவரம் நடந்த ஊர்ச் சாவடி என்பதே அதன் பொருள் என்று நான் நினைத்திருந்தேன். கணக்கு வேறு மாதிரி இருந்தது. சென்ற முறை முக்கால் பங்குக்கு மேல் வாக்குப் பதிவாகி, அதிலும் முக்கால் பங்குக்கு மேல் ஒரே வேட்பாளருக்கு விழுந்திருந்தால் அந்தச் சாவடி பட்டியலில் சேர்கிறது. அடையாள அட்டை இல்லாதவர்களும், ஊரில் காணப்படாத வாக்காளர்களும் அளவுக்கு மீறி இருந்தாலும், முன்பு மறுவாக்குப்பதிவு நடந்திருந்தாலும் அப்படியே. இது சாவடியைப் பற்றிய கணக்கு. இதற்கு இணையாக இன்னொரு வேலை நடக்கிறது: எந்தத் தெருவில், எந்தக் குடியிருப்பில், யார், யாருக்குப் பயந்து ஓட்டுப் போட வராமல் இருக்கக்கூடும் என்று மண்டல அலுவலர் நேரில் போய் விசாரித்து, பயப்படுகிறவர்களின் பட்டியலையும் பயமுறுத்தக்கூடியவர்களின் பட்டியலையும் தனித்தனியாக எழுதித் தர வேண்டும். இரண்டாவது பட்டியலில் இருப்பவர்களிடம் வட்டாட்சியர் முன்பாக நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவார்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிகள் காவல் நிலையத்துக்குப் போய்விடும்.

"நீங்கள் எதையும் நடத்தக் கூடாது, எதையும் நிறுத்தவும் கூடாது. பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான்" என்று பயிற்சியாளர் சொன்னபோது, எழுதுகிற பழக்கமுள்ள எனக்குப் பெரிய நிம்மதி.

ஆகஸ்ட் 3, சனி: ஆம்பூர்

ஆம்பூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கிய அடுத்த நிமிடம் இடது கால் செருப்பின் வார் அறுந்தது. உலகத்துக்கெல்லாம் காலணி தைத்து அனுப்பும் ஊரில் செருப்புக்கு என்ன பஞ்சம் என்று எண்ணிக் காலை இழுத்துக்கொண்டு நடந்தேன். மூன்று கடைகளில் கிடைத்தவை எல்லாம் ஏற்றுமதியில் கழித்துக் கட்டிய தோல் ஷூக்கள்; ஆயிரத்து இருநூறுக்குக் குறைந்து பேச்சே இல்லை. நான்காவது கடையில் நூற்று இருபது ரூபாய்க்கு ரப்பர் செருப்பு கிடைத்தது. கடைக்காரப் பெரியவர் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, அறுந்ததையும் வாங்கித் தன் பையனிடம் கொடுத்துத் தைத்துத் தந்தார். காசு நீட்டியதற்கு, "தேர்தல் வேலைக்கு வந்தவருன்னு பையிலேயே தெரியுது, வெச்சுக்கங்க சார்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எங்க பூத்தெல்லாம் பதட்டமானதுன்னு பேப்பர்ல போடறாங்களே, யாருக்குப் பதட்டம்?" என்று கேட்டார். முக்கால் பங்குக் கணக்கை நான் விளக்கினேன். அவர் முகத்தைப் பார்த்தால் ஒப்புக்கொண்டவராகத் தெரியவில்லை.

அவர் கேள்விக்குப் பின்னால் இருப்பது 2015, ஜூன் 27 இரவு. காவல் துறை விசாரணைக்கு அழைத்துச் சென்ற இளைஞர் ஒருவர் மருத்துவமனையில் இறந்ததையடுத்துத் திரண்ட கூட்டம் பேருந்துகளையும் காவல் வாகனங்களையும் கொளுத்தியது. போலீசார் பலர் காயமடைந்தார்கள். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை மணிக்கணக்கில் முடங்கியது. அது காவல் துறைக்கு எதிராகக் கிளம்பிய கோபம். ஆனால் வெளியூர்களில் பேசியவர்கள் அதை இரு மதத்தாருக்கு இடையிலான சண்டையாகவே பேசினார்கள், நானும் ஆரணிக்கு வரும்வரை அப்படியே நம்பியிருந்தேன். ஒரு கலவரத்தை விட அதற்கு வைக்கப்படும் பெயர் நீண்ட காலம் நின்றுவிடுகிறது.

இன்று ஆடிப்பெருக்கு. பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தேன். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் கருவேலமும் குழியும். கரைப் பக்கத்துத் தெருவில் நான்கு பெண்கள் ஒரு பிளாஸ்டிக் குடத்து நீருக்கு மஞ்சள் பூசிப் பூச்சரம் சுற்றிக் காதோலைக் கருகமணி வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில், ஜோலார்ப்பேட்டையில் நிரப்பிய தண்ணீரைச் சென்னைக்கு ஏற்றிச் செல்லும் ரயில், 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டருடன் ஊரைக் கடந்து போனது. ஜூலை 12 முதல் ஓடுகிறதாம். குடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மதியம் பிரியாணி. சீரகச் சம்பா, காய்ந்த மிளகாய் அரைத்த சிவப்பு, பக்கத்தில் எண்ணெய்க் கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும். மட்டன் 160 ரூபாய். தஞ்சாவூர்க்காரன் நாக்குக்குக் கத்தரிக்காயே முதலில் பிடித்தது, இதை இங்கே சொன்னால் அடிப்பார்கள்.

மாலை ஆறு மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது. நாள் முழுவதும் கத்திய ஒலிபெருக்கிகள் அடங்கியதும்தான், விடுதி மாடியிலிருந்து பள்ளிவாசல் பாங்கும், பின்னாலேயே ஓர் அம்மன் கோவிலின் ஆடி மாதக் கூழ் வார்ப்புப் பம்பையும் காதில் விழுந்தன. பக்கத்து அறையில் மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்ற ஒருவர் தங்கியிருந்தார், சொந்த வேலையாக வந்தவர். குஜராத்தில் நெடுநாள் இருந்தவர் என்பதால் பேச்சு அங்கே 2002-இல் நடந்த கலவரத்துக்குப் போனது. அந்த ஆண்டு ஜூலை 19 அன்று சட்டப்பேரவையைக் கலைத்துவிட்டு உடனே தேர்தல் வேண்டும் என்று மாநில அரசு நின்றது. அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான தேர்தல் ஆணையம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, வீடிழந்து முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் சிதறிக் கிடப்பவர்களின் பெயர்களைச் சரிபார்க்காமல் நியாயமான தேர்தல் நடத்த முடியாது என்று ஆகஸ்ட் 16 அன்று ஆணையிட்டது. விவகாரம் குடியரசுத் தலைவர் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் டிசம்பர் 12 அன்று வாக்குப்பதிவு நடந்தது.

"முகாமில் இருப்பவன் பெயர் பட்டியலில் எரிந்துபோன வீட்டு முகவரியில்தான் இருக்கும். அந்த வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போய்த்தான் ஓட்டுப் போட வேண்டும் என்றால் அவன் போவானா?" என்று கேட்டார் அவர். காஷ்மீரை விட்டு வந்த பண்டிதர்களுக்கு ஜம்முவிலும் உதம்பூரிலும் டெல்லியிலும் தனிச் சாவடி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான் என்றார். துப்பாக்கி ஏந்தியவர்களை எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை; பேச்சு முழுக்க முகவரியைப் பற்றியதாகவே இருந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு: பள்ளி

காலை முழுவதும் பொருள் வழங்கும் மையத்தில் கழிந்தது. வேட்பாளர்கள் 28 பேர். ஒரு கருவியில் 16 பெயர்தான் கொள்ளும் என்பதால் சாவடிக்கு இரண்டு வாக்குக் கருவிகள், தூக்குவதற்கு ஆள் போதவில்லை. எங்கள் வேன் இரண்டு மணி நேரம் தாமதம். ஓட்டுநர் வேறு வழித்தட எண்ணுள்ள குழுவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தலைமை அலுவலர் ஒரு பள்ளித் தலைமையாசிரியை. அவர் கோபப்படாமல் பெட்டியின் மேல் உட்கார்ந்து கவர்களுக்கு எண் போட ஆரம்பித்தார்.

பள்ளியில் எங்களை எதிர்கொண்டவர் வாக்குச்சாவடி நிலை அலுவலர், அங்கன்வாடிப் பணியாளர். இந்தப் பயணத்தில் நான் சந்தித்தவர்களிலேயே தேர்தல் தெரிந்தவர் இவர்தான். ஊரில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் பட்டியலை அவர் கையில் வாங்கியபோது, ஒரே தெருவைச் சேர்ந்த 11 பெயர்கள் அடுத்தடுத்து இருந்தது கண்ணில் பட்டது. கேட்டேன்.

"அது பழைய தகராறு சார். நாலு குடும்பம் ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணிக்கினு அந்தாண்ட பக்கம் போயிட்டாங்க. ஒண்ணரை கிலோமீட்டர்கூட இருக்காது. பேரு மட்டும் இங்கயே நிக்குது."

முகவரி மாற்றத்துக்கான படிவம் 8அ-வை அவரே இருமுறை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். போன இடத்தில் நிலையாக இருப்போமா என்று தெரியாததால் அவர்கள் எழுதித் தரவில்லை. எந்தப் பக்கத்தார் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைத் தெரிந்துகொண்டதும் படிப்பவர் எதை நினைப்பார் என்பது எனக்கே தெரியும். முந்தைய இரவு கேட்ட குஜராத் கதை, ஒன்றரை கிலோமீட்டர் அளவில் இங்கே இருந்தது.

முகத்தை மறைத்து வரும் கோஷாப் பெண்கள் அதிகமுள்ள சாவடியில் அவர்களை அடையாளம் பார்க்கவும் மை வைக்கவும் மறைவிடமும் பெண் அலுவலரும் இருக்க வேண்டும். பெண் அலுவலர் இருந்தார். மறைவுக்குத் துணி எங்களுக்கு வந்த சாமான் பையில் இல்லை. சத்துணவு ஆயா வீட்டுக்குப் போய்ப் பச்சை நிறச் சுங்குடிச் சேலை ஒன்றைக் கொண்டுவந்தார். அதை மடித்து, இரண்டு பெஞ்சுகளைச் செங்குத்தாக நிறுத்தி அதற்கிடையில் கட்டினோம். கட்டி முடித்தபின் தலைமையாசிரியை உள்ளே போய் உட்கார்ந்து, வெளியே வேட்பாளர்களின் முகவர்கள் அமரும் இடத்திலிருந்து தன் முகம் தெரிகிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்தில் நிழலுருவம் தெரிந்தது. அவிழ்த்து இடம் மாற்றிக் கட்டினோம். மூன்றாம் முறை சரியாக வந்தது.

இரவு லேசான தூறல், அதைவிடக் கனமாகக் கொசு. வாசலில் துணை ராணுவத்தினர் இருவர். ஒருவர் பாலக்காட்டுக்காரர் என்பதால் தமிழ் வந்தது. ஒரு கட்சியின் ஆள் பெரிய பாத்திரத்தில் பிரியாணி கொண்டுவந்து வைத்தார். தலைமையாசிரியை கைகூப்பித் திருப்பி அனுப்பினார். ஆயாவிடம் தலைக்கு நாற்பது ரூபாய் கொடுத்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். பாத்திரம் படியிறங்கிப் போனபோது வந்த வாசனையைப் பற்றி என் அறிக்கையில் எழுதவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்: வாக்குப்பதிவு

காலை ஆறு மணிக்கு மாதிரி வாக்குப்பதிவு. முகவர்கள் முன்னிலையில் ஐம்பது வாக்குகள் போட்டு, கருவி காட்டிய எண்ணிக்கையையும், வாக்கைத் தாளில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் சீட்டுகளையும் ஒப்பிட்டு, எல்லாவற்றையும் அழித்து, சீட்டுகளைக் கறுப்பு உறையிலிட்டு அரக்கு வைத்தார்கள். முகவர் ஒருவர் தானே சீட்டுகளை எண்ண வேண்டும் என்றார், எண்ணினார், மறுமுறையும் எண்ணினார். எரிச்சலாக இருந்தது. ஆனால் அதன் பிறகு நாள் முழுவதும் கருவியைப் பற்றி அந்த அறையில் ஒரு சந்தேகமும் எழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

முதல் சங்கடம் ஏழே காலுக்கு. வாக்காளர் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்களை, இந்தத் தேர்தலிலிருந்து அதுமட்டும் அடையாளமாகச் செல்லாது என்று திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. படம் போட்ட சீட்டைக் கொடுத்துவிட்டு அது செல்லாது என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்ட முதியவருக்கு என்னிடம் பதில் இல்லை. ஆதாரை எடுத்துக்கொண்டு ஒன்பதரைக்குத் திரும்பி வந்தார்.

இரண்டாவது சங்கடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பச்சைச் சேலைக்குப் பின்னால் போன ஓர் இளம்பெண்ணின் இடது ஆட்காட்டி விரலில் ஏற்கெனவே கறை இருப்பதாகப் பெண் அலுவலர் சொன்னது வெளியே கேட்டுவிட்டது. ஒரு முகவர் எழுந்து, ஆள் மாறாட்டம் என்றார். குரலில் அந்த ஒரு பெண்ணைத் தாண்டிய ஏதோ இருந்தது. வரிசையில் நின்ற ஆண்கள் வாசல் பக்கம் நெருங்கினார்கள். தலைமையாசிரியை இருக்கையை விட்டு எழவில்லை. "ஆட்சேபணை செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு ரூபாய் கட்டுங்கள், ரசீது தருகிறேன், விசாரிக்கிறேன். பொய் என்று தெரிந்தால் பணம் திரும்ப வராது" என்றார். முகவர் சட்டைப் பையைத் துழாவினார். நூறு ரூபாய் நோட்டுதான் இருந்தது. சில்லறைக்காகப் பக்கத்து முகவரிடம், அதாவது எதிர்க்கட்சிக்காரரிடம், கை நீட்ட வேண்டியதாயிற்று. இவர் இரண்டு ரூபாய்க்கு அலைந்த நேரத்தில் பெண் அலுவலர் ஈரத்துணியால் விரலைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "மருதாணி" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். தேர்தல் மை நகத்திலும் தோலிலும் ஊதாக் கறுப்பாக இறங்கும்; இது நகக்கண்ணில் செங்காவி. ஒரு பெண் முகவர் உள்ளே போய் அட்டைப் படத்தோடு முகத்தை ஒப்பிட்டுவிட்டு வந்து தலையசைத்தார். ஆட்சேபித்தவர் உட்கார்ந்தார். இரண்டு ரூபாய் கடைசிவரை கட்டப்படவில்லை. அந்தச் சட்ட விதியை எழுதியவர் தொகையை ஏன் அவ்வளவு சிறியதாக வைத்தார் என்று தெரியவில்லை; சில்லறை தேடும் நேரத்துக்காகவே வைத்திருந்தாலும் சரிதான்.

பாலக்காட்டு வீரர் காலையிலிருந்து கைபேசியைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். ஸ்ரீநகரில் பணியிலிருக்கும் நண்பருக்கு நேற்று இரவு முதல் இணைப்புக் கிடைக்கவில்லை. ஏன் என்று பதினோரு மணிக்கு மேல் தெரிந்தது. மாநிலங்களவையில், காஷ்மீருக்குச் சிறப்பு அந்தஸ்து தந்த 370-ஆவது பிரிவைப் பற்றிய அறிவிப்பு வந்துவிட்டது. சாவடிக்குள் கைபேசி கிடையாது. செய்தி வரிசையின் வால் பக்கமிருந்து, ஆளுக்கு ஆள் காதில் சொல்லி, வாசல்படி வரை வந்தது. அதன் பாதையை நான் கண்ணாலேயே பார்த்தேன். ஒவ்வொருவராக முன்னால் நிற்பவர் தோளைத் தொட்டார்கள். நான் அறிக்கைப் படிவத்தைத் திறந்து 'நேரம்' என்ற கட்டத்தில் 11.40 என்று எழுதிவிட்டு, அடுத்த கட்டத்தில் எழுதுவதற்காகக் காத்திருந்தேன். வரிசை கலையவில்லை. ஒருவர் மட்டும் வெளியே போய் நெடுநேரம் தொலைபேசியில் பேசிவிட்டு, விட்ட இடத்தில் வந்து நிற்க முயன்றார். பின்னாலிருந்தவர்கள் கடைசிக்குப் போகச் சொன்னார்கள், போனார். படிவத்தின் கட்டம் காலியாகவே இருந்தது.

பிற்பகல் மூன்றரைக்கு அந்தத் தெருவின் 11 பேரில் மூவர் வந்தார்கள்: தந்தை, தாய், மகள். ஆட்டோவைப் பள்ளிக்குச் சற்றுத் தள்ளியே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். இல்லாதவர் பட்டியலில் இருப்பவர் நேரில் வந்தால் அடையாளத்தைக் கூடுதலாகச் சரிபார்த்து, உறுதிமொழி எழுதி வாங்கி, வாக்களிப்பவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்தோடு பெருவிரல் ரேகையும் வைக்கச் சொல்ல வேண்டும். மகளுக்கு அது அவமானமாக இருந்திருக்க வேண்டும். "எங்களுக்கு மட்டும் ஏன் ரேகை?" என்றார். தலைமையாசிரியை விளக்கினார். முகவர்களிடம், இவர்களைத் தெரியுமா என்று கேட்கப்பட்டது. காலையில் ஆட்சேபித்த அதே முகவர், தலையைக் காகிதத்திலிருந்து நிமிர்த்தாமல், "அந்தத் தெருதான்" என்றார். அந்தத் தந்தையும் அவரை நேராகப் பார்க்கவில்லை. மூவரும் வாக்களித்துவிட்டு, வந்த வழியிலேயே ஆட்டோவுக்குப் போனார்கள். மீதி எட்டுப் பேர் வரவில்லை.

ஆறு மணிக்கு முடிந்து, பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவ நகல்களில் முகவர்கள் கையெழுத்திட்டு, சீல் வைத்து, வேன் வரும்போது இரவு ஒன்பதரை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்: ஆற்காடு

அறிக்கையை ஒப்படைத்துவிட்டு ஆற்காடு, திமிரி வழியாகத் திரும்பினேன். ஆற்காட்டில் மக்கன் பேடா. பாகு சொட்டச் சொட்ட, உள்ளே பருப்பும் திராட்சையும். இரண்டு சாப்பிட்டு மூன்றாவதில் தோற்றேன். பேருந்தில் எல்லோர் கையிலும் காஷ்மீர்ச் செய்தி. வேலூர் வாக்குப்பதிவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி: ஆரணி

எண்ணிக்கை முடிந்தது. வென்றவருக்கும் அடுத்து வந்தவருக்கும் வித்தியாசம் 8,141 வாக்குகள். தொகுதியில் சாவடிகள் 1,500-க்கு மேல். வங்கிக்காரன் பழக்கத்தில் வகுத்துப் பார்த்தேன், சாவடிக்கு ஐந்து வாக்குக்குச் சற்று மேல் வருகிறது.

சாயங்காலம் அங்கன்வாடி அம்மாவிடமிருந்து அழைப்பு. வந்த அந்த மூவரும் படிவம் 8அ கேட்டிருக்கிறார்களாம். ஆனால் இப்போதைய வீட்டுக்காரர் வாடகை ரசீது தர மறுக்கிறார், முகவரிக்கு எதை வைப்பது என்று கேட்டார். ஆவணம் இல்லையென்றால் நீங்களே நேரில் போய் விசாரித்து, அங்கேதான் குடியிருக்கிறார்கள் என்று எழுதினால் போதும் என்றேன்.

"போய்ப் பார்த்துக்கினுதான் சார் இருக்கேன், நாலு வருஷமா" என்றார்.